மூட்டைக்கு மூட்டை நம்பர்: சிபி/எம்மில் டிரைவும் யூசர் ஏரியாவும்

மன்னார்குடியில் அக்கா வீட்டுப் பரணைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள், லேபிள்களில் என் கையெழுத்து. 1987-ல் ஒரு ரைஸ் மில்லில் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கொண்டிருந்த காலத்துச் சொத்து. அக்கா மகனுக்குப் பழைய கம்ப்யூட்டர்கள் என்றால் பித்து. கிரீஸ்வீசில் என்கிற சின்ன போர்டை வைத்து ஒரு ஃபிளாப்பியை முழுசாகப் படித்து இமேஜ் கோப்பாக்கினான். பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற புரோகிராமில் அதை பி டிரைவாக மாட்டினான். கோப்புப் பட்டியல் கேட்டான். திரை ‘நோ ஃபைல்’ என்றது.

“மாமா, டிஸ்க் காலி. ஐப்பசி மழைல பூஞ்சை தின்னுடுச்சு போல.”

“யூசர் 1-ன்னு அடிச்சிட்டு மறுபடி பாருடா.”

அடித்தான். குறுவைக் கணக்கு மொத்தமும் வரிசையாக வந்து நின்றது. அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ மந்திரவாதி. மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த மில் கம்ப்யூட்டரை இயக்கிய சிபி/எம் என்ற இயக்க முறைமையைப் பழகாத எவருக்கும் முதல் நாளில் நடக்கிற குழப்பம்தான் அது. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்றுதான் இது.

தட்டச்சு பற்றி ஒரு வார்த்தை. கட்டளைகளைத் தமிழில் ஒலித்தபடி எழுதியிருக்கிறேன். கீபோர்டில் அவற்றை ஆங்கில எழுத்தாகவே அடிக்க வேண்டும். டிர் என்றால் டி, ஐ, ஆர். பிப் என்றால் பி, ஐ, பி. எரா என்றால் இ, ஆர், ஏ. சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்ற கவலை வேண்டாம், எல்லாவற்றையும் அது பெரிய எழுத்தாக்கிக் கொள்ளும். எண்கள், புள்ளி, முக்காற்புள்ளி, சமக்குறி எல்லாம் உள்ளது உள்ளபடி.

முதலில் கதை சுருக்கமாக

சிபி/எம்மை கேரி கில்டால் என்பவர் 1974-ல் இன்டெல் 8080 சிப்புக்காக எழுதினார். அவருடைய நிறுவனம் டிஜிட்டல் ரிசர்ச், கலிஃபோர்னியாவில் பசிஃபிக் குரோவ் என்ற ஊரில் இருந்தது. நாம் இங்கே பேசப் போவது 1979-ல் வந்த 2.2 பதிப்பு. பெரும்பாலான 8080, 8085, இஸட்80 இயந்திரங்களில் ஓடியது அதுதான். இன்றைக்கு எமுலேட்டரில் நீங்கள் சந்திக்கப் போவதும் பெரும்பாலும் அதுதான். உரிமைச் சிக்கலும் இப்போது இல்லை. சிபி/எம்மைத் தாராளமாகப் பகிரவும் பயன்படுத்தவும் 2022-ல் அதன் உரிமையாளர் தரப்பு தெளிவாகவே அனுமதி கொடுத்துவிட்டது. உடோ முங்க் எழுதிய இஸட்80பேக் போன்ற எமுலேட்டர் ஒன்றை லினக்ஸிலோ ராஸ்பெரி பையிலோ போட்டுக்கொண்டால் போதும், கீழே உள்ளதையெல்லாம் செய்து பார்க்கலாம்.

டிரைவ்: இது சுலபம்

இயந்திரம் கிளம்பியதும் திரையில் இப்படி ஒன்று தெரியும்:

ஏ>

இதற்குப் பிராம்ட் என்று பெயர். நீங்கள் ஏ டிரைவில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். மில்லில் இரண்டு ஃபிளாப்பி டிரைவ் இருந்தன. மேலே உள்ளது ஏ, அதில் புரோகிராம்கள். கீழே உள்ளது பி, அதில் கணக்கு. சிபி/எம் 2.2 ஏ முதல் பி-க்கு அப்புறமும் நீண்டு, மொத்தம் 16 டிரைவ் வரை ஏற்கும். ஆனால் உங்கள் இயந்திரத்தில் உண்மையில் எத்தனை மாட்டியிருக்கிறதோ அத்தனைதான்.

டிரைவ் மாற எழுத்தும் முக்காற்புள்ளியும் போட்டு என்டர் தட்டுங்கள்:

ஏ>பி:
பி>

திரும்பி வர ‘ஏ:’. விண்டோஸில் இன்றும் சி: என்று எழுதுகிறோமே, அந்தப் பழக்கம் சிபி/எம்மிலிருந்து எம்எஸ்-டாஸ் வழியாக வந்தது. கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து என்ற கட்டுப்பாடும் அதே வழியில் வந்ததுதான்.

நின்ற இடத்திலிருந்தே பக்கத்து டிரைவை எட்டிப் பார்க்கவும் முடியும். ‘டிர் பி:’ என்றால் ஏ-யில் நின்றபடியே பி-யின் பட்டியல் வரும். பி-யில் நின்றுகொண்டு ஏ-யில் உள்ள புரோகிராமை ஓட்ட வேண்டுமானால் பெயருக்கு முன் டிரைவைச் சேர்த்தால் போதும்: ‘ஏ:ஸ்டாட்’. இங்கே ஒரு சங்கதி. இந்தக் கட்டளைகளில் டிர் (பட்டியல் காட்ட), எரா (அழிக்க), ரென் (பெயர் மாற்ற), டைப் (கோப்பைத் திரையில் காட்ட), சேவ் (நினைவகத்தில் உள்ளதைக் கோப்பாக்க), யூசர் (யூசர் ஏரியா மாற) ஆகிய ஆறும் நினைவகத்திலேயே உட்கார்ந்திருக்கும், எந்த டிரைவில் நின்றாலும் வேலை செய்யும். பிப் (நகல் எடுக்க), ஸ்டாட் (நிலவரம் பார்க்க) போன்றவை டிஸ்க்கில் ‘.காம்’ என்று முடியும் கோப்புகள். அவை கண்ணில் பட்டால்தான் ஓடும். படாவிட்டால் நீங்கள் அடித்த பெயரையே ஒரு கேள்விக்குறியோடு திருப்பிக் கொடுக்கும்: ‘பிப்?’ இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் உதைக்கப் போவது இதுதான்.

பட்டியலைப் படிக்கும்போது புள்ளியைத் தேடாதீர்கள். டிர் கட்டளை பெயருக்கும் வகைக்கும் நடுவில் புள்ளிக்குப் பதில் இடைவெளிதான் விடும். பட்டியல் வேகமாக ஓடினால் கன்ட்ரோல்-எஸ் தட்டி நிறுத்திப் படிக்கலாம்.

இல்லாத டிரைவைக் கேட்டால் ‘பிடாஸ் எர்ர் ஆன் டி: செலக்ட்’ என்று வந்து நிற்கும். ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் பிராம்ட்டுக்குத் திரும்பும். சில இயந்திரங்கள் அதே பிழையையே திரும்பத் திரும்பக் காட்டி அடம்பிடிக்கும். அப்போது ரீசெட்தான்.

ஃபிளாப்பியை மாற்றினால் மட்டும் ஒரு சடங்கு உண்டு. புது டிஸ்க்கைப் போட்டதும் பிராம்ட்டில் கன்ட்ரோல்-சி தட்ட வேண்டும். சிபி/எம் டிஸ்க்கில் எது காலி இடம் என்ற கணக்கை நினைவகத்தில் வைத்திருக்கும். நீங்கள் சொல்லாமல் டிஸ்க்கை மாற்றினால், பழைய கணக்கை வைத்துப் புது டிஸ்க்கில் எழுதிக் கெடுத்துவிடக்கூடாது என்று அந்த டிரைவையே எழுத முடியாதபடி பூட்டிவிடும். ‘பிடாஸ் எர்ர் ஆன் பி: ஆர்/ஓ’ என்று வந்தால் அதுதான் விஷயம். நடுவில் டைப் அடித்துக் கொண்டிருந்தது போய்விடும். எமுலேட்டரில் இமேஜை மாற்றினாலும் இந்தச் சடங்கு பொருந்தும்.

யூசர் ஏரியா: இது கொஞ்சம் நுணுக்கம்

2.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்கிலும் 0 முதல் 15 வரை பதினாறு யூசர் ஏரியாக்கள். இயந்திரம் கிளம்பும்போது நீங்கள் 0-வில் இருப்பீர்கள். மாறுவதற்கு:

ஏ>யூசர் 2
ஏ>

பிராம்ட்டைப் பாருங்கள். மாறவே இல்லை. 2.2-ல் எந்த எண்ணில் நிற்கிறோம் என்பதைத் திரை சொல்லாது. 0-விலும் ‘ஏ>’, 2-லும் ‘ஏ>’, 15-லும் ‘ஏ>’. இந்த ஒரு விஷயத்துக்காக அதை எழுதியவர்கள்மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. பின்னால் வந்த சிபி/எம் பிளஸ் எண்ணையும் சேர்த்து ‘2ஏ>’ என்று காட்டியது. ஒன்றிரண்டு எழுத்து செலவில் எத்தனை பேர் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் இதை ஃபோல்டர் மாதிரி நினைத்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். ஃபோல்டர் என்ற எண்ணத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மில் குடோனை நினைத்துக் கொள்ளுங்கள். பத்து விவசாயிகளின் நெல் ஒரே குடோனில்தான் அடுக்கியிருக்கிறது. நடுவில் சுவர் எதுவும் கிடையாது. மூட்டை மேல் மையில் ஒரு நம்பர் போட்டிருக்கும். “2-ஆம் நம்பர் மூட்டையெல்லாம் எடுடா” என்றால் ஆள் 2 போட்டதை மட்டும் பார்ப்பான், மற்றவை அவன் கண்ணுக்குத் தெரியாது. யூசர் ஏரியா அவ்வளவே.

இதை நேரில் பார்க்கலாம். டிஸ்க் இமேஜை ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளைப் பதினாறு அடிமான எண்களாகக் காட்டும் கருவி) திறந்து, கோப்புகளின் பட்டியலான டைரக்டரி இருக்கும் இடத்துக்குப் போனால் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் வரிசை தெரியும். எங்கள் டிஸ்க்கில் ஒன்று இப்படித் தொடங்கியது:

01 41 44 54 33 36 20 20 20 44 42 46

41 என்றால் ஏ, 44 டி, 54 டி. ஆடுதுறை 36 என்ற குறுவை ரகத்தை ‘ஏடிடி36’ என்று பெயர் வைத்திருந்தேன், அதுதான் 36 வரை. 20 என்பது வெற்றிடம், எட்டு எழுத்தை நிரப்புவதற்கு. கடைசி மூன்றும் ‘டிபிஎஃப்’, டிபேஸ் 2 என்ற தரவுத்தள புரோகிராமின் கோப்பு வகை. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற 01-தான் யூசர் எண், மூட்டை மேல் போட்ட மை. ஒரே ஒரு பைட். கோப்பை அழித்தால் அந்த இடத்தில் இ5 என்று எழுதப்படும், வேறு எதுவும் உடனே மாறாது.

சுவர் இல்லை என்பதால் வரும் விளைவுகளைப் பாருங்கள். 1-லும் 2-லும் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் சண்டையில்லாமல் இருக்கலாம், நம்பர் வேறல்லவா. ஆனால் இடம் எல்லோருக்கும் பொது. அந்தக் காலத்து எட்டங்குலத் தர ஃபிளாப்பியில் டைரக்டரி வரிசைகள் மொத்தமே 64, கோப்புகளுக்கான இடம் 250 கேபி-க்கும் குறைவு. 1-ல் ஆள் ரொப்பிவிட்டால் 2-ல் இருப்பவருக்கும் டிஸ்க் ஃபுல். உங்கள் பட்டியலில் நாலு கோப்புதான் இருக்கும், இடம் மட்டும் இருக்காது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: எண் டிரைவுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடையாது. நீங்கள் 2 என்று சொன்னால் ஏ-யிலும் 2, பி-யிலும் 2. பி டிஸ்க்கில் சம்பா கணக்கைப் பார்க்க 2-க்குப் போனீர்கள் என்றால், அதே கணத்தில் ஏ டிஸ்க்கில் 0 நம்பர் போட்ட பிப், ஸ்டாட், டிபேஸ் எல்லாம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ‘ஏ:ஸ்டாட்’ என்று கூப்பிட்டால் ‘ஏ:ஸ்டாட்?’ என்று திருப்பி உங்களையே கேட்கும். முன்னால் உதைக்கும் என்றேனே, இதுதான்.

எங்கே நிற்கிறேன் என்று கேட்பது எப்படி

0-வில் நின்று இதை அடியுங்கள். ஸ்டாட் என்பது எஸ், டி, ஏ, டி. அடுத்தது யூ, எஸ், ஆர், முக்காற்புள்ளி.

பி>ஏ:ஸ்டாட் யூஎஸ்ஆர்:
ஆக்டிவ் யூசர் : 0
ஆக்டிவ் ஃபைல்ஸ்: 1 2 3

முதல் வரி நீங்கள் நிற்கும் எண். இரண்டாவது வரி, இந்த டிஸ்க்கில் எந்தெந்த எண்களில் கோப்புகள் இருக்கின்றன என்பது. மருமகன் ‘காலி’ என்று சொன்ன டிஸ்க்கின் விடைதான் மேலே இருப்பது. பழைய டிஸ்க் எது கையில் கிடைத்தாலும் காலி என்று முடிவுகட்டுமுன் இதை அடித்துப் பாருங்கள். இன்னொரு வாய்ப்பும் உண்டு: கோப்புக்கு ‘சிஸ்டம்’ முத்திரை குத்தியிருந்தால் அதே எண்ணில் நின்றாலும் டிர் காட்டாது. ‘ஸ்டாட் *.*’ அதையும் அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டிவிடும்.

ஸ்டாட் கையில் இல்லாத எண்ணில் மாட்டிக்கொண்டால் குழம்ப வேண்டாம். ‘யூசர் 0’ என்று அடியுங்கள். யூசர் கட்டளை எங்கே நின்றாலும் உண்டு. எங்கே இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் தெரிந்த இடத்துக்குப் போய்விட்டு மறுபடி கிளம்புவது நல்லது. பஸ் மாறி ஏறிவிட்டால் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி வந்து ஏறுகிற மாதிரி.

எண் விட்டு எண் கோப்பைக் கொண்டுபோவது

இதற்கு பிப் வேண்டும். எழுதும் முறை தலைகீழ்: போய்ச் சேரும் இடம் முதலில், வரும் இடம் சமக்குறிக்கு அப்புறம். ரென் கட்டளையும் அப்படியே, புதுப் பெயர் முதலில். பழகும்வரை இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

2-ல் நின்றுகொண்டு 0-வில் உள்ள ஸ்டாட்டை இழுத்து வர:

ஏ>பிப் ஏ:=ஏ:ஸ்டாட்.காம்[ஜி0]

சதுர அடைப்பில் உள்ள ஜி-தான் விஷயம். ‘0-விலிருந்து எடு’ என்று பொருள். 2.2-ல் எடுக்க மட்டும்தான் முடியும், இங்கிருந்து இன்னொரு எண்ணுக்குத் தள்ளிவிட முடியாது. அங்கே போய் நின்று இழுக்க வேண்டும். சிஸ்டம் முத்திரை குத்திய கோப்பானால் ஜி0-வோடு ஆர் எழுத்தையும், எழுதியது சரியா என்று ஒத்துப் பார்க்க வி எழுத்தையும் சேர்த்துக் கொள்ளலாம்.

சரி, 2-ல் நின்று பிப்பைக் கூப்பிட வேண்டுமே, பிப் 0-வில் அல்லவா இருக்கிறது? பிப்பை 2-க்குக் கொண்டுவரப் பிப் வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதை. நான் இதில் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். வழி ஒன்று உண்டு, கொஞ்சம் வேடிக்கையான வழி.

சிபி/எம்மில் புரோகிராம் எல்லாம் நினைவகத்தில் ஒரே இடத்தில்தான் ஏறும். முடிந்த பிறகும் அடுத்த புரோகிராம் வரும்வரை அங்கேயே கிடக்கும், யாரும் துடைப்பதில்லை. ஆகவே பிப்பை 0-வில் நின்று நினைவகத்தில் ஏற்றி, ஓட்டாமல் விட்டுவிட்டு, 2-க்கு மாறி, நினைவகத்தில் கிடப்பதை அப்படியே சேவ் செய்துவிடலாம். ஏற்றுவதற்கு டிடிடி என்ற பிழைதிருத்தி:

ஏ>டிடிடி பிப்.காம்
நெக்ஸ்ட் பிசி
1இ00 0100
-ஜி0
ஏ>யூசர் 2
ஏ>சேவ் 29 பிப்.காம்

டிடிடி தன் பதிப்பு எண்ணையும் ஒரு வரியில் சொல்லும், அதை விட்டுவிட்டேன். கோடு போட்டிருப்பது அதன் பிராம்ட், அங்கே நீங்கள் அடிப்பது ஜி0 மட்டும், வெளியே வருவதற்கு. இந்த ஜி வேறு, பிப்பின் ஜி வேறு.

29 எங்கிருந்து வந்தது? சேவ் கட்டளை 256 பைட் கொண்ட பக்கங்களாக எண்ணும். நெக்ஸ்ட் என்பதன் கீழே வந்தது 1இ00. அதன் முதல் பாதியான 1இ, பதினாறு அடிமானத்தில் 30. புரோகிராம் 0100-ல், அதாவது ஒரு பக்கம் தள்ளித்தான் தொடங்குகிறது. 30-ல் ஒன்று போக 29. உங்கள் பிப் வேறு பதிப்பாக இருந்து வேறு எண் வந்தால் அதே மாதிரி கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். கடைசி இரண்டு இலக்கம் 00 ஆக இல்லையென்றால் ஒன்றைக் கழிக்காமல் விடுங்கள், அரைப் பக்கத்துக்கும் இடம் வேண்டும்.

ஜி0-வுக்கும் சேவுக்கும் நடுவில் வேறு புரோகிராம் எதையும் ஓட்டாதீர்கள், நினைவகத்தில் கிடப்பதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். டிர், யூசர் பரவாயில்லை. பிப் 2-க்கு வந்துவிட்டால் அப்புறம் மற்றதையெல்லாம் அது இழுத்துவரும்.

இவ்வளவு சொன்னதற்குப் பிறகு என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபிளாப்பி மட்டும் இருக்கிற இயந்திரத்தில் யூசர் ஏரியா அவ்வளவு லாபமில்லை. ஒவ்வொரு எண்ணிலும் பிப், ஸ்டாட், கடிதம் அடிக்கும் வேர்ட்ஸ்டார், அதன் ஓவர்லே எனும் துணைக் கோப்புகள் என்று நகல் வைத்தே பாதி டிஸ்க் தீர்ந்துவிடும். இது ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும், ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கு போட்டவர்களுக்கும் சரிப்பட்ட ஏற்பாடு. ஒரு டிரைவுக்கு 8 எம்பி வரை 2.2 ஏற்கும், அவ்வளவு கோப்பும் ஒரே பட்டியலில் வந்தால் கண் பூத்துவிடும். நாங்கள் ஃபிளாப்பியிலேயே இதைப் பிடிவாதமாகப் பயன்படுத்தியதற்குக் காரணம், முதலாளி புது டிஸ்க் வாங்கக் கணக்குக் கேட்பார் என்பதுதான். குறுவைக்கு 1, சம்பாவுக்கு 2, தாளடிக்கு 3. வருஷம் முழுக்க வேண்டிய பார்ட்டி கணக்கு, அதாவது யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது, 0-வில்.

அழிக்குமுன்

தாளடிக் கணக்கை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்து முடித்து, பி-யில் 3-ஆம் எண்ணைக் காலி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். யூசர் 3 என்று போட்டாயிற்று. பி-க்கும் வந்தாயிற்று. கரண்ட் போனது. எங்கள் ஊரில் அது ஒரு செய்தியே இல்லை. டீ குடித்துவிட்டு வந்தேன், கரண்ட் வந்தது, இயந்திரம் கிளம்பியது, ‘பி:’ என்று அடித்தேன், ‘பி>’ என்று வந்தது. விட்ட இடத்திலேயே நிற்பதாக நினைத்து:

பி>எரா *.*
ஆல் (ஒய்/என்)?

ஒய் தட்டினேன். டிர் போட்டுப் பார்த்தேன். நோ ஃபைல். சுத்தமாகக் காலி, எதிர்பார்த்தது மாதிரியே. சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஏதோ ஞாபகத்தில் யூசர் 3 என்று அடித்து டிர் போட்டேன். தாளடிக் கோப்புகள் ஒன்று குறையாமல் வரிசையாக வந்தன.

கன்ட்ரோல்-சி தட்டினால் டிரைவும் எண்ணும் மாறாமல் இருக்கும். கரண்ட் போய் வந்தாலோ ரீசெட் செய்தாலோ ஏ டிரைவுக்கும் 0-வுக்கும் போய்விடும். டிரைவ் மாறியதைப் பிராம்ட் சொன்னது, அதனால் பி: என்று அடித்தேன். எண் மாறியதைச் சொல்லவில்லை. போனது பார்ட்டி கணக்கு. கணக்கப்பிள்ளையின் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து புது டிஸ்க்கில் மறுபடி அடித்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டைக் கொடுக்கும்போது லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்யுங்கள். எரா அடிக்குமுன் யூசர் எண்ணை மறுபடி அடிப்பது. ஏற்கெனவே அங்கே இருந்தாலும் கெடுதல் இல்லை. உடனே ஒரு டிர் போட்டு, கண்ணில் தெரிகிற பெயர்கள்தான் அழிய வேண்டியவையா என்று பார்ப்பது. இழக்கக்கூடாத கோப்புகளுக்குப் பூட்டுப் போடுவது:

பி>ஏ:ஸ்டாட் பார்ட்டி.டிபிஎஃப் $ஆர்/ஓ

இப்படிப் பூட்டிய கோப்பின்மேல் எரா கை வைத்தால் ‘ஃபைல் ஆர்/ஓ’ என்று பிழை சொல்லி நின்றுவிடும். கணக்கு எழுத வேண்டிய நாளில் $ஆர்/டபிள்யூ என்று திறந்துகொள்ளலாம். தினமும் திறந்து பூட்டுவது சலிப்புதான். புரோகிராம்களுக்காவது, *.காம் என்று போட்டு, கட்டாயம் பூட்டி வையுங்கள். இன்னொரு சின்ன ஏற்பாடு: ஒவ்வொரு எண்ணிலும் அந்த எண்ணின் பெயரிலேயே ஒரு வெற்றுக் கோப்பு.

பி>சேவ் 0 -தாளடி3

சேவ் 0 என்றால் ஒரு பக்கமும் சேமிக்காது, பெயர் மட்டும் டைரக்டரியில் ஏறும். டிர் போட்டதும் ‘-தாளடி3’ என்று தெரிந்தால் நீங்கள் 3-ல் இருக்கிறீர்கள். பெயர்ப் பலகை மாதிரி. பிராம்ட் சொல்லாததை அது சொல்லும்.

இமேஜை வெளியிலிருந்தே பார்க்க நினைப்பவர்களுக்கு சிபிஎம்டூல்ஸ் என்ற கருவித் தொகுப்பு இருக்கிறது. அது கோப்புகளை எண்வாரியாகப் பிரித்துக் காட்டும், கோப்பின் பெயருக்கு முன் ‘2:’ என்று எண்ணைச் சேர்த்துச் சொன்னால் அந்த எண்ணிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ரன்சிபிஎம் என்ற இன்னொரு எமுலேட்டரில் டிரைவ்களே சாதாரண ஃபோல்டர்கள், அவற்றுக்குள் யூசர் எண்களும் ஃபோல்டர்கள். பிராம்ட்டும் ‘ஏ0>’ என்று எண்ணோடு வரும். பழகுவதற்கு அது இலகு. ஆனால் அதிலேயே பழகிவிட்டு அசல் 2.2-க்கு வந்தால் முதல் நாளே எங்காவது இடிக்கும்.

மருமகன் அந்த இமேஜை ஹெக்ஸ் எடிட்டரில் மேய்ந்துகொண்டிருந்தவன், “மாமா, இ5-ல ஒண்ணு இருக்கு” என்றான்.

இ5 50 41 52 54 59 20 20 20 44 42 46

பெயர் அப்படியே இருந்தது: பார்ட்டி.டிபிஎஃப். மை மட்டும் மாறியிருந்தது. இமேஜை நகல் எடுத்து, நகலில் இ5-ஐ 00 ஆக்கினான். எமுலேட்டரில் மாட்டி டிர் போட்டதும், பெயர் பட்டியலில் வந்தது. டைப் கட்டளையால் திறந்தோம். முதல் கொஞ்சம் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், பாக்கித் தொகை உட்பட. அதற்குக் கீழே சிஆர் 1009 என்ற சம்பா ரக நெல், மூட்டைக் கணக்கு, எடை. அன்றைக்கே அந்த டிஸ்க்கில் சம்பா கணக்கைத் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். அழிந்த கோப்பின் இடத்தைக் காலி என்று எடுத்து அது நிரப்பிவிட்டது. எழுதாமல் எடுத்து வைத்திருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கும். தெரியாமல் எரா அடித்துவிட்டவர்கள் அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் வெளியே எடுத்துவிடுங்கள், முதல் பைட்டை மாற்றுவதை நகலில் மட்டும் செய்யுங்கள்.